கார்டிசோல் மீது சுமத்தப்பட்ட குற்றம்

கோவிட் வந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் மாடிப்படி ஏறினால் கால் துவள்கிறது, கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் தலை ஓடவில்லை, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அலுப்பு போகவில்லை. இப்படிச் சொல்பவரிடம் ‘எல்லா டெஸ்டும் நார்மல்’ என்று காகிதத்தை நீட்டி அனுப்பிவிடுவது கொடுமை. லாங் கோவிட் என்று பெயர் பெற்ற இந்த நிலையில் இருப்பவர்கள் ஆரம்பம் முதலே ஏதாவது ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். தங்கள் நோய் மனப்பிரமை இல்லை என்று காட்டுவதற்கு ரத்தத்தில் ஓர் எண் போதும்.

2022 ஆகஸ்டில் அந்த எண் கிடைத்துவிட்டது போல் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் அகிகோ இவாசாகியும், நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவ மையத்தின் டேவிட் புட்ரினோவும் தங்கள் குழுவினரோடு ஓர் ஆய்வின் முன்வரைவை வெளியிட்டார்கள். லாங் கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில், அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் என்னும் ஹார்மோனின் அளவு மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது என்றது அது. 2023 செப்டம்பரில் அதே ஆய்வு சுமார் 270 பேரின் விவரங்களோடு ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோயாளியையும் நோயில்லாதவரையும் பிரித்துக் காட்டிய அளவீடுகளில் கார்டிசோல் முன்வரிசையில் நின்றது. அன்று முதல் ‘வைரஸ் என் ஹார்மோனைக் கெடுத்துவிட்டது’ என்ற பேச்சுக்கு ஓர் அறிவியல் முகவரி கிடைத்தது.

அந்தப் பேச்சுக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. வைரஸ் தொற்று நாளமில்லாச் சுரப்பிகளை நிரந்தரமாகப் பழுதாக்குகிறது என்பது ஒன்று. மீளாத களைப்புக்கு அந்தப் பழுதே காரணம், எனவே ஹார்மோனைக் கொடுத்தால் களைப்பு தீரும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும். முதலாவது ஓரளவு உண்மையாக இருந்து இரண்டாவது முற்றிலும் பொய்யாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால், நம்பி மாத்திரை விழுங்குகிறவர்தான் அதற்கான விலையைக் கொடுப்பார்.

யேல் ஆய்வின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கோவிட்டே வராதவர்கள், வந்து முழுக்கக் குணமானவர்கள், வந்து குணமாகாதவர்கள் என்று மூன்று தரப்பையும் அது ஒப்பிட்டது. குணமாகாதவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே காய்ச்சல் விட்ட களைப்பு என்று அதை ஒதுக்க முடியாது. வயது, பாலினம், ரத்தம் எடுத்த நேரம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நின்றது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள். அட்ரீனல் சுரப்பி தானே கெட்டுப்போனால், அதை வேலை வாங்க மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை அதிகமாக அனுப்பும். ஆடிசன் நோயில் அப்படித்தான் நடக்கிறது. இவர்களிடமோ கார்டிசோல் தாழ்ந்திருந்தும் ஏசிடிஎச் உயரவில்லை. அட்ரீனலுக்கு மேலே, கட்டளை இடும் இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கு இது ஒரு குறிப்பு. சியாட்டிலில் ஜேம்ஸ் ஹீத் குழுவினர் 2022-இல் ‘செல்’ இதழில் வெளியிட்ட ஆய்விலும் தொற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு சில அறிகுறிகளோடு தாழ்ந்த கார்டிசோல் சேர்ந்து வந்தது.

ஆனால் கார்டிசோலை ஒரே ஒரு முறை அளந்து ஒருவரைப் பற்றி முடிவு சொல்வது கடினம். விழித்தெழுந்த முக்கால் மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும். பிறகு நாள் முழுக்க இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தைத் தொடும். அதனால்தான் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கே கடிகாரத்தை விட உடம்பின் நேரமே முக்கியம். லாங் கோவிட் நோயாளிகளில் பலருக்கு இரவுத் தூக்கம் குலைந்துபோயிருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணயர்ந்து, ஊசிக்காக எட்டரைக்கு எழுப்பப்பட்டவரின் ஒன்பது மணியும், பத்துக்குத் தூங்கி ஆறுக்கு எழுந்தவரின் ஒன்பது மணியும் ஒன்றா? கடிகார நேரத்தை வைத்துச் செய்யும் கணிதத் திருத்தம் இந்த வேறுபாட்டைப் பிடிக்காது. இதோடு மருந்துகளின் குறுக்கீடும் உண்டு. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், கார்டிசோலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி மொத்த அளவை உயர்த்திக் காட்டும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலர் ஸ்டீராய்டு நீண்ட காலப் பயன்பாட்டில் அதைத் தாழ்த்தும். வாயால் விழுங்கும் பிரட்னிசோலோனைச் சில சோதனைக் கருவிகள் கார்டிசோல் என்றே எண்ணிக் கூட்டிச் சொல்லிவிடும்.

அட்ரீனல் உண்மையிலேயே சோர்ந்துவிட்டதா என்று அறிய மருத்துவர்கள் நம்புவது சினாக்தென் சோதனையை. செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் கார்டிசோல் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள். சுரப்பியைத் தட்டிப் பார்க்கிற சோதனை இது. யேல் குழு இதைச் செய்யவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு செய்தது. கோவிட்டிலிருந்து பிழைத்த 70 பேரைக் குறைந்தது மூன்று மாதங்கள் கழித்து அழைத்துச் சினாக்தென் போட்டார்கள். 70 பேரிலும் கார்டிசோலின் உச்சம் லிட்டருக்கு 450 நானோமோலைத் தாண்டியது. நோய் கடுமையாக வந்தவர், லேசாக வந்தவர், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வாங்கியவர், வாங்காதவர் என்று எந்த வேறுபாடும் இல்லை. 2021-இல் வெளியான இந்த ஆய்வு களைப்பைச் சொன்னவர்களையும் உள்ளடக்கியதுதான்.

அப்படியானால் யேல் ஆய்வு தவறா? அப்படிச் சொல்வது அவசரம். இம்பீரியல் ஆய்வு லாங் கோவிட் நோயாளிகளுக்கென்று திட்டமிட்டதல்ல. மூன்று மாதத்தில் தெரியாதது ஓராண்டில் தெரியக்கூடும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கட்டளை மையம் மந்தமானது அண்மையில் என்றால் அட்ரீனல் இன்னும் சுருங்கியிருக்காது. வெளியிலிருந்து ஏசிடிஎச் கொடுத்தால் அது நன்றாகவே எழும்பும். இந்த இடத்தில் சினாக்தென் சோதனைக்குக் குருட்டுப் புள்ளி உண்டு. ஆக இரண்டு ஆய்வுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று சொல்வதைவிட, இரண்டும் வெவ்வேறு கேள்வியைக் கேட்டன என்பதே சரி. ஆனால் யேல் முடிவை உறுதிசெய்ய வேண்டிய பின்வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. தாழ்ந்த கார்டிசோலைச் சிலர் கண்டார்கள், வேறு சிலர் காணவில்லை. இரண்டு ஆண்டுகள் தாண்டியும் ஒரு கண்டுபிடிப்பு இப்படித் தள்ளாடுகிறது என்றால் அதை நோயின் முத்திரை என்று ஏற்க முடியாது.

இதே வழக்கு ஒருமுறை விசாரணைக்கு வந்திருக்கிறது. 2003 சார்ஸ் தொற்றுக்குப் பிறகு சிங்கப்பூரில் லியோ என்பவரின் குழு, பிழைத்த 61 பேரைப் பரிசோதித்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டது. 24 பேருக்கு, அதாவது சுமார் 39 சதவீதத்தினருக்கு, கார்டிசோல் குறைபாடு தென்பட்டது. அங்கேயும் சந்தேகம் விழுந்தது அட்ரீனலுக்கு மேலே உள்ள கட்டளை மையத்தின் மீதுதான். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அது தானே சரியாகிவிட்டது. சார்ஸ் வைரஸின் சில புரதத் துணுக்குகள் ஏசிடிஎச்சைப் போலவே இருப்பதால் உடம்பு தன் ஹார்மோனையே எதிரியாகக் கருதித் தாக்குகிறது என்று 2004-இல் ஒரு கருதுகோளும் எழுந்தது. கேட்க அழகாக இருக்கிறது, அழகு சான்றாகாது. 61 பேரின் நோய்க்கு முந்தைய அளவு யாரிடமும் இல்லை என்பதும், வேறு கடும் நிமோனியாவிலிருந்து மீண்டவர்களோடு ஒப்பிடவில்லை என்பதும் அந்த ஆய்வின் பெரிய பலவீனங்கள். மீட்சி நடந்தது என்பது அதன் மிக உறுதியான செய்தி. அதைத்தான் குறைவாக மேற்கோள் காட்டுகிறார்கள்.

இன்னும் பின்னே போனால் மார்க் டெமிட்ராக் குழு 1991-லேயே நாட்பட்ட களைப்பு நோயில் கார்டிசோல் சற்றுத் தாழ்ந்திருப்பதைச் சொல்லியிருக்கிறது. அப்போது கோவிட்டும் இல்லை, சார்ஸும் இல்லை. நடமாட்டம் குறைந்து, தூக்கம் கெட்டு, மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிற எந்த உடம்பிலும் இந்தத் தாழ்வு விளைவாக வரலாம். காரணமா, விளைவா என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, கொடுத்துப் பார்ப்பது. நல்லவேளையாக அதையும் செய்திருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மெக்கென்ஸி குழு வெளியிட்ட சோதனையில் நாட்பட்ட களைப்பு நோயாளிகள் 70 பேரில் பாதிப்பேருக்கு 12 வாரம் கார்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தார்கள். நலம் கொஞ்சம் கூடியதாகச் சிலர் சொன்னார்கள். ஆனால் மருந்து வாங்கிய 33 பேரில் 12 பேரின் அட்ரீனல் அமுங்கிப்போனது. தாழ்ந்திருந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஊற்றியதால் சொந்தச் சுரப்பு நின்றுவிட்டது. பயன்படுத்தத் தக்கதல்ல என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். மறு ஆண்டு ‘லான்செட்’டில் லண்டன் குழு ஒன்று 32 பேரிடம் இன்னும் குறைந்த அளவைக் கொடுத்துப் பார்த்தது. சிலருக்குக் களைப்பு குறைந்தது, ஆனால் அந்தச் சிகிச்சை நீடித்தது சில வாரங்களே. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அது எந்தச் சிகிச்சை நெறியிலும் இடம்பிடிக்கவில்லை.

கார்டிசோல் வழக்கில் என் தீர்ப்பு இதுதான். லாங் கோவிட் நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் கார்டிசோல் தாழ்ந்திருக்கலாம். ஆராய்வதற்கு அது நல்ல தடம். களைப்பின் காரணம் அதுதான் என்பது நிரூபணமாகவில்லை. மருந்தாக அதைக் கொடுப்பது இன்றைய சான்றுகளின்படி தவறு. ‘அட்ரீனல் களைத்துவிட்டது’ என்று சொல்லிப் புட்டியில் அடைத்து விற்கிற சத்துப்பொருள்களுக்கு இந்தச் சான்று அளவும் கிடையாது. பிரேசிலின் கடெஜியானி, கேட்டர் இருவரும் 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி ஒரு நோயே இல்லை என்று 2016-இல் முடிவு சொல்லிவிட்டார்கள். தாழ்ந்த கார்டிசோல் இல்லை என்றால் நோயும் இல்லை என்று யாராவது இதைத் திருப்பினால் அதையும் கடுமையாக மறுக்க வேண்டும். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ரெகவர் ஆய்வில் 25 வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றாலும் லாங் கோவிட்டைப் பிரித்தறிய முடியவில்லை. பரிசோதனைக்குப் பிடிபடவில்லை என்பது பரிசோதனையின் குறை. நோயாளி பொய் சொல்லவில்லை.

தைராய்டு விஷயத்தில் சான்று இதைவிடத் தெளிவு. எந்தக் கடும் காய்ச்சலிலும் தைராய்டு ஹார்மோனான டி3 இறங்கும், சில சமயம் தைராய்டை வேலை வாங்கும் பிட்யூட்டரி ஹார்மோன் டிஎஸ்எச்சும் இறங்கும். உடம்பு செலவைக் குறைத்துக்கொள்கிற வழி அது. மீளும்போது டிஎஸ்எச் இயல்பைத் தாண்டி ஏறி, சில வாரங்களில் தானே அடங்கும். டிஸ்சார்ஜ் ஆகிப் பத்தாம் நாள் எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் பன்னிரண்டு என்று வந்தால், ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரைக்கு ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இம்பீரியல் குழுவின் தைராய்டு ஆய்வை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், அது நோய்க்கு முன், நோயின்போது, நோய்க்குப் பின் என்று மூன்று கட்டத்தையும் பார்த்தது. கோவிட்டோடு அனுமதியான 334 பேரில் 86.6 சதவீதத்தினரின் தைராய்டு இயல்பாகவே இருந்தது. டிஎஸ்எச் சற்று இறங்கியவர்களிடமும் பின்னர் பழைய அளவுக்கே திரும்பியது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்து அளந்த ஆய்வுகள் இந்தத் துறையில் மிகக் குறைவு. அவற்றுள் இது ஒன்று.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. தொண்டையில் தைராய்டு இருக்கும் இடத்தைத் தொட்டாலே வலி, தாடைக்கும் காதுக்கும் அது பரவுதல், படபடப்பு, கை நடுக்கம், மறுபடி காய்ச்சல். வைரஸ் காய்ச்சலுக்குச் சில வாரங்களுக்குப் பின் இப்படி வந்தால் அது சப்அக்யூட் தைராய்டு அழற்சி. 1904-இல் ஸ்விஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் இதை விளக்கினார். இத்தாலியின் பிசாவில் 18 வயதுப் பெண் ஒருவருக்குக் கோவிட்டைத் தொடர்ந்து இது வந்ததை 2020 மே மாதம் பதிவுசெய்தார்கள். அதன்பின் உலகெங்கும் பல பதிவுகள். இங்கே வைரஸ் தொற்றுக்கும் சுரப்பிப் பழுதுக்கும் உள்ள தொடர்பை நான் ஐயமின்றி ஏற்கிறேன். ஆனால் இதிலும் அழற்சியால் சிதைந்த திசுவிலிருந்து சேமித்துவைத்த ஹார்மோன் கசிகிறது, புதிதாக உற்பத்தி கூடுவதில்லை. ஆகவே உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் கொடுத்துப் பயனில்லை. வலி மருந்தும், தேவைப்பட்டால் குறுகிய கால ஸ்டீராய்டும் போதும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சுரப்பி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

தைராய்டைப் பற்றிப் பேசும்போது தலைமுடியைப் பேசாமல் முடியாது. கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வருவது டெங்கு, டைபாய்டு கண்ட நம் வீடுகளுக்குத் தெரிந்த சங்கதி. வளரும் கட்டத்தில் இருந்த முடி மொத்தமாக ஓய்வுக் கட்டத்துக்குப் போய்ப் பின் உதிர்கிறது, அடுத்த சில மாதங்களில் முளைத்துவிடும். இதைத் தைராய்டுக் கோளாறு என்று பயந்து பயோட்டின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டே தைராய்டு டெஸ்டுக்கும் போகிறார்கள். வினை இங்கேதான் தொடங்குகிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை ஒட்டுப்பொருளாக வைத்துத்தான் ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகத் தாழ்ந்தும், டி3, டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டும். முடிவுத்தாளைப் பார்க்கிறவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் போலவே தோன்றும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது, 2019-இல் மறுபடியும் எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பு பயோட்டினை நிறுத்தச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கிற இடத்தில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்பதோடு ‘முடிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?’ என்றும் கேட்டால் எத்தனையோ பேர் தேவையில்லாத மருந்திலிருந்து தப்புவார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் பற்றி அதிகம் பேசப்பட்டது. சான்று அந்த அளவுக்கு இல்லை. மிலானின் சான் ரஃபேல் மருத்துவமனையில் சலோனியா குழு, கோவிட்டோடு வந்த 286 ஆண்களை அளந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு அது தாழ்ந்திருந்தது. ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்த 121 பேரில் பெரும்பாலோருக்கு ஏறியிருந்தது; ஆனாலும் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் தாழ்ந்த வரம்புக்குள்ளேயே இருந்தார்கள். தலைப்புச் செய்தி ஆனது இந்தக் கடைசிப் பகுதி. காய்ச்சலுக்கு முன்னால் அந்த ஆண்களின் அளவு என்ன? தெரியாது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் முன்பே தாழ்ந்திருக்கும்; கோவிட் கடுமையாகத் தாக்கியதும் அவர்களைத்தான். வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் ஆழத்தை அளந்துவிட்டு, வெள்ளத்துக்கு முன் இதைவிட ஆழமாக இருந்தது என்று சத்தியம் செய்ய முடியுமா? இந்த எண்ணை நம்பி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிற இளைஞருக்கு விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம் என்பதை ஊசிக்கு முன்பே யாராவது சொல்லியாக வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு வருகிறபோது சான்றின் எடை கூடுகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவப் பதிவுகளை வைத்து ஜியாட் அல்-அலி, யான் ஷீ இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் கோவிட்டிலிருந்து மீண்ட 1,81,280 பேர் இருந்தார்கள். தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த ஓராண்டில் இவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம். ஆயிரம் பேருக்கு 13 பேர் கூடுதல். அதே ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி 4,28,650 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. முதல் நான்கு வாரத்தில் வாய்ப்பு 81 சதவீதம் அதிகம், ஐந்தாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை 27 சதவீதம் அதிகம், அதற்குப் பிறகு மற்றவர்களுடைய நிலைக்கே ஏறக்குறையத் திரும்பிவிட்டது.

இரண்டும் பெரிய ஆய்வுகள், இரண்டும் கவனமாகச் செய்தவை, முடிவு மட்டும் வேறு. எனக்கு லண்டன் முடிவு பொருந்தி வருவதாகத் தெரிகிறது. படைவீரர் தொகுதியில் பெரும்பாலோர் வயது முதிர்ந்த ஆண்கள், முன்பே பல நோய்கள் உள்ளவர்கள். முதல் மாதத்தில் மட்டும் அவ்வளவு உயரம் எழுந்து பிறகு வடிவது, வைரஸ் கணையத்தைத் தொடர்ந்து அழித்துக்கொண்டிருக்கிறது என்ற கதையோடு ஒட்டவில்லை. காய்ச்சலின் அழுத்தம், ஸ்டீராய்டு, இதுவரை ஒளிந்திருந்த சர்க்கரை முதல்முறையாகச் சோதிக்கப்பட்டது ஆகிய மூன்றும் சேர்ந்த கதையோடுதான் ஒட்டுகிறது. பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அனுமதியின்போது புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஏறக்குறைய நாற்பது சதவீதத்தினர் பின்னர் அந்த வரம்பை விட்டு இறங்கிவிட்டார்கள். நம் நாட்டில் இந்த ஒளிந்திருக்கும் சர்க்கரையின் பங்கு இன்னும் பெரிதாக இருக்கும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய நாடளாவிய ஆய்வின் 2023 முடிவுப்படி பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், மேலும் 15.3 சதவீதத்தினர் அதன் வாசலில். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை ஏற்கெனவே ஏறியோ ஏறிக்கொண்டோ இருக்கிற ஊரில் காய்ச்சலுக்குப் பின் தெரியவந்த சர்க்கரை அனைத்தையும் வைரஸின் கணக்கில் எழுத முடியாது. யார் கணக்கில் எழுதினாலும் சிகிச்சை ஒன்றுதான். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்க்க வேண்டும், இறங்கியிருந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். மருத்துவமனையில் தொடங்கிய இன்சுலினை யாரும் மறுபரிசீலனை செய்யாமல் வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை.

கடைசியாக, இந்த வழக்கில் வைரஸை விடவும் வலுவான சான்று உள்ள குற்றவாளி. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி சோதனை டெக்ஸாமெத்தசோனின் பலனை அறிவித்தது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது; ஆக்சிஜன் வாங்கியவர்களிடம் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. அவர்களில் மருந்து வாங்கியோரின் இறப்பு 17.8, வாங்காதோரில் 14. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றுக்கும் இவ்வளவு தெளிவான விடை கொண்ட மருந்துகள் அபூர்வம். 2021-இன் இரண்டாம் அலையில் இந்தியா அந்த மூன்றையும் மீறியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர் வீட்டிலேயே முதல் நாளிலிருந்து விழுங்கினார். மருந்துச் சீட்டு வாட்ஸாப்பில் கைமாறியது. பத்து நாள் ஒரு மாதமானது, 6 மில்லிகிராம் பல மடங்கானது. சர்க்கரை எகிறியது. அந்தச் சர்க்கரையிலும் ஸ்டீராய்டிலும் கறுப்புப் பூஞ்சை செழித்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் முடிவதற்குள் நாடு முழுவதும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கண்ணை இழந்தவர்களும் மேல்தாடையை இழந்தவர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கோபப்படாமல் இதை எழுத என்னால் முடியவில்லை.

அந்த மாதங்களில் அதிகம் பேசப்படாத இன்னொரு பாதிப்பு அட்ரீனலில் நடந்தது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு உள்ளே போனால் பிட்யூட்டரி கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும், அட்ரீனல் சுருங்கும். மருந்தைப் படிப்படியாகக் குறைக்காமல் ஒரே நாளில் விட்டவருக்குக் கார்டிசோல் உண்மையிலேயே இல்லாமல் போகும். களைப்பு, மூட்டுவலி, பசியின்மை, எழுந்தால் தலைசுற்றல் என்று அறிகுறிகள் லாங் கோவிட்டை அப்படியே ஒத்திருக்கும். காரணம் தெளிவு, சோதனை தெளிவு, மருந்தும் தெளிவு. காய்ச்சலுக்குப் பின் சோர்ந்து வருகிற ஒருவரிடம் ‘ஸ்டீராய்டு எத்தனை நாள் எடுத்தீங்க, எப்படி நிறுத்தினீங்க?’ என்ற கேள்வி கார்டிசோல் டெஸ்டுக்கு முன்னால் வர வேண்டும். பதில் வாரக்கணக்கில் இருந்தால் காலைக் கார்டிசோலும் சினாக்தென் சோதனையும் அவருக்குக் கட்டாயம். அவரே வாந்தியோடும், இறங்கிய ரத்த அழுத்தத்தோடும், குறைந்த சர்க்கரையோடும் அவசரப் பிரிவுக்கு வந்தால் முடிவுத்தாளுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.